வறுமையும் சமூக ஒதுக்கலும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வறுமை பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் இதே சந்தேகங்கள்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சில கேள்விகளில் கொஞ்சம் எரிச்சல் தெரியும், அதையும் மாற்றவில்லை.

வறுமை, சமூக ஒதுக்கல் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?

ஒன்றல்ல. வறுமை என்பது ஒருவரிடம் என்ன இல்லை என்பதைச் சொல்கிறது: வருமானம், நிலம், சேமிப்பு, நல்ல வீடு, சத்தான சாப்பாடு. ஒதுக்கல் என்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. வேலை, பள்ளி, வங்கி, மருத்துவமனை, வாக்குரிமை, நாலு பேர் கூடும் இடம் என்று மற்றவர்கள் சாதாரணமாக நுழையும் இடங்களில் அவர் மட்டும் வெளியே நிற்க வேண்டியிருந்தால் அது ஒதுக்கல். வறுமையில் ஒரு குறை இருக்கிறது. ஒதுக்கலில் ஒரு குறையோடு, அந்தக் குறையை உண்டாக்கும் ஒரு விதியோ வழக்கமோ ஆளோ இருக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், வறுமையை மட்டும் பார்த்தால் 'இவருக்கு என்ன கொடுக்கலாம்' என்ற கேள்வியோடு நின்றுவிடுவோம். ஒதுக்கலையும் சேர்த்துப் பார்த்தால் 'இவரை யார், எந்த இடத்தில் தடுக்கிறார்கள்' என்றும் கேட்க வேண்டி வரும். இரண்டாவது கேள்வி பலருக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அதற்கான பதிலில் சில சமயம் நம் பெயரும் வரும்.

இந்தப் பேச்செல்லாம் எப்ப ஆரம்பிச்சது? புதுசா கிளப்பி விட்ட மாதிரி இருக்கே?

ஒதுக்குவது பழசு, அதற்குக் கொள்கைமொழியில் ஒரு பெயர் கிடைத்ததுதான் புதுசு. 1974ல் பிரான்ஸ் அரசில் சமூகநலப் பொறுப்பில் இருந்த ரெனே லெனுவார், நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் 'ஒதுக்கப்பட்டவர்' என்று எழுதினார். அவர் பட்டியலில் உடல், மனக் குறைபாடு உள்ளவர்கள், கவனிப்பாரற்ற முதியவர்கள், போதைக்கு அடிமையானவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லாம் இருந்தார்கள். நாடு பணக்கார நாடாகிக்கொண்டே போகும்போதும் ஒரு கூட்டம் மட்டும் அதில் ஒட்டாமலே நிற்கிறது என்பதுதான் அன்றைய கவலை. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் இதை எடுத்துக்கொண்டது. 1997ல் பிரிட்டன் அரசு இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு தொடங்கியது. 2000ல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஆசிய வளர்ச்சி வங்கிக்காக எழுதிய கட்டுரைதான் இந்தக் கருத்தைப் பிசிறில்லாமல் பிரித்து வைத்தது, கீழே சில பதில்களில் அவரைத்தான் பின்பற்றுகிறேன்.

ஒரு நாளைக்கு இத்தனை டாலர்னு கோடு போட்டாச்சு. அதுக்குக் கீழ இருந்தா ஏழை, மேல இருந்தா இல்ல. இதுல என்ன குழப்பம்?

அந்தக் கோடு தேவைதான், அதைக் கேலி செய்ய மாட்டேன். உலக வங்கி 2025 ஜூனில் அதை 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. நாட்டுக்கு நாடு விலைவாசி மாறுவதைச் சரிக்கட்டிய கணக்கு இது. கொடிய வறுமை எங்கே இருக்கிறது என்று தெரிய அது உதவும். ஆனால் அது வருமானத்தையோ செலவையோ மட்டும்தான் பார்க்கும்.

ஒரே வருமானம் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கால் நடக்கும், இன்னொருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இரண்டாமவருக்குப் போக்குவரத்துக்கு, உதவி ஆளுக்கு, மருந்துக்கு எல்லாம் கூடுதல் செலவு, அதற்கு மேல் படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகங்களில் அவர் வேலைக்கே போக முடியாது. கோடு இருவரையும் ஒரே இடத்தில் வைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்ன கணக்குப்படி கணிசமான உடல், மனக் குறைபாட்டோடு வாழ்பவர்கள் சுமார் 130 கோடி. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக ஒதுக்கிவைத்துப் பேசும் அளவுக்குச் சின்ன எண் இல்லை அது.

சரி, எது முதல்ல? ஏழையா இருக்கறதால ஒதுக்குறாங்களா, ஒதுக்குறதால ஏழையாகுறாங்களா?

இரண்டு பக்கமும் ஓடும். பணம் இல்லாததால் பள்ளிக் கட்டணமோ பேருந்துக் கட்டணமோ கட்ட முடியாமல் விலகிப்போவது ஒரு பக்கம். இது எல்லோருக்கும் தெரிந்தது. மறு பக்கத்தைத்தான் குறைவாகப் பேசுகிறோம், அதனால் அதற்கு ஓர் உதாரணம்.

1930களில் அமெரிக்காவில் அரசு அமைப்புகளே நகர வரைபடங்களை வைத்துக்கொண்டு, எந்தப் பகுதியில் வீட்டுக்கடன் கொடுப்பது பத்திரம், எங்கே ஆபத்து என்று நிறம் தீட்டின. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. அங்கே இருந்தவர் ஒழுங்காகச் சம்பாதிப்பவராக இருந்தாலும் கடன் கிடைப்பது அரிது. 1968ல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் வந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் சொத்து சேர்த்த முக்கிய வழியே சொந்த வீடுதான், அந்த வழி ஒரு தலைமுறைக்கு மேல் ஒரு கூட்டத்துக்கு மட்டும் மூடியிருந்தது. வீடு வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வீட்டின் மதிப்பு படிப்புச் செலவாக, தொழில் முதலாக வந்தது. வாங்க முடியாதவர்களின் பிள்ளைகளுக்கு வரவில்லை. இன்றைக்கு வந்து கணக்கெடுப்பவருக்கு அந்தப் பிள்ளைகள் வெறும் ஏழைகளாகத் தெரிவார்கள், வரைபடம் கண்ணுக்குத் தெரியாது. பழைய ஒதுக்கல் புதிய வறுமையாகிறது, அந்த வறுமையே அடுத்த ஒதுக்கலுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

பணக்காரங்களையும் ஒதுக்குவாங்களா என்ன? கையில காசு இருந்தா யாரு ஒதுக்க முடியும்?

முடியும். 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், அங்கே வாழ்ந்த ஆசிய வம்சாவளியினரை 90 நாளில் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார். அவர்களில் பலர் கடை, ஆலை, தோட்டம் வைத்திருந்த வசதியானவர்கள். அரசியலில் ஓர் இடமும் இல்லாத வசதி அது, ஓர் உத்தரவில் போய்விட்டது. காசு இருப்பது ஒதுக்கலைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

இதே கேள்வியின் மறுபக்கத்தையும் சிலர் கேட்பதுண்டு: ஏழையாக இருந்தும் ஒதுக்கப்படாமல் இருக்கலாமா? இருக்கலாம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும் ஒரு சமூகத்தில், அங்கே முடிவெடுக்கும் கூட்டங்களில் உட்காரவும் பேசவும் இடமுள்ளவர் ஏழைதான், ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் மொத்த சமூகத்தையுமே நாட்டின் மற்ற பகுதி ஒதுக்கி வைத்திருக்கலாம், அது வேறு கணக்கு.

சட்டம்தான் வந்தாச்சே, இன்னும் எங்க ஒதுக்குறாங்க?

சட்டம் பலகையில் எழுதி மாட்டுவதை நிறுத்தும். மனதுக்குள் நடப்பதை நிறுத்த அதற்கு நேரமாகும். 2004ல் வெளியான ஓர் ஆய்வில் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். விண்ணப்பங்கள் கற்பனை, தகுதிகள் ஒப்பிடக்கூடியவை. சிலவற்றில் வெள்ளையர் பெயர் போலக் கேட்கும் பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவர் பெயர் போலக் கேட்கும் பெயர். முதல் வகைக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. நேரில் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

இந்தியாவில் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் 2007ல் வெளியிட்ட ஆய்வும் இதே முறைதான்: தனியார் வேலைகளுக்கு, ஒரே தகுதியோடு, சாதியைக் காட்டும் பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பினார்கள், தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவு 17 நடைமுறைக்கு வந்து அப்போது அரை நூற்றாண்டு தாண்டியிருந்தது.

யாரும் வேணும்னே செய்யல, சும்மா ஒரு விதி. அதையும் ஒதுக்கல்னு சொல்றது ஓவர் இல்லையா?

இந்தக் கேள்விக்காகவே சென் செய்த பிரிவு உதவும். ஒன்று, தெரிந்தே செய்யும் ஒதுக்கல். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்யா என்ற சிறுபான்மை முஸ்லிம் மக்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது அந்த வகை. இன்னொன்று, யாரும் குறிவைக்காமலே நடப்பது. பொருளாதாரம் சரிந்து வேலைகள் போகும்போது முதலில் வெளியே விழுபவர்கள், 'முகவரிச் சான்று கொண்டு வா' என்ற விதியால் திரும்பி அனுப்பப்படும் வீடற்றவர், இவர்கள் எல்லாம் இரண்டாவது வகை.

இரண்டாவது வகையில் வில்லன் யாரும் கிடைக்க மாட்டார், அதனால்தான் அது நீண்ட நாள் தாங்குகிறது. அடையாளச் சான்று எதுவுமே இல்லாதவர்கள் உலகத்தில் சுமார் 85 கோடிப் பேர் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. சான்று இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை வந்து சேராது, சிம் கார்டுகூடக் கிடைக்காத நாடுகள் உண்டு. அப்புறம் 'எல்லாச் சேவையும் இனி இணையத்தில்' என்று அறிவிப்பு வரும்போது, 2024 கணக்குப்படி இணையமே இல்லாத சுமார் 260 கோடிப் பேரை நினைத்துப் பாருங்கள். அறிவித்தவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் தன் விதியால் வெளியே நிற்பவர்கள் யார் என்று தெரிந்த பிறகும் அதை மாற்றாமல் வைத்திருந்தால், அதற்கு மேல் அதைத் 'தெரியாமல் நடந்தது' என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து.

அவங்களே ஒதுங்கிப் போறாங்க. கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாங்க. அதுக்கு நாம என்ன பண்றது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், என்னை அதிகம் கடுப்பேற்றுவதும் இதுதான். ஆனாலும் நியாயமான ஒரு கவனிப்பு இதற்குள் இருக்கிறது: மக்கள் நிஜமாகவே ஒதுங்குகிறார்கள். ஏன் என்பதுதான் விஷயம். 1776லேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதினார்: லினன் சட்டை உயிர் வாழத் தேவையான பொருள் அல்ல, கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் நன்றாகவே வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளி அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான் என்று. சட்டை இல்லாதது வறுமை, வெளியே வராமல் இருப்பது அந்த வெட்கம். பார்ப்பவர்களுக்கு அவன் 'தானே ஒதுங்குகிறவன்'.

இன்னும் ஆழமான ஓர் ஆய்வு உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப் பாதை வரைந்த தாள்களைக் கொடுத்து, சரியாக வழி கண்டுபிடித்தால் காசு என்றார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் மற்றவர்களுக்கும் திறமையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எல்லோர் முன்னாலும் சாதியைச் சொல்லி அழைத்த பிறகு அந்தச் சிறுவர்களின் செயல்பாடு மட்டும் விழுந்தது. தாள் அதே தாள், பையன் அதே பையன். இனி 'அவங்களே முன்னுக்கு வர மாட்டேங்கறாங்க' என்று சொல்லத் தோன்றினால், அந்த அறையில் சத்தமாக வாசிக்கப்பட்டது என்ன என்று ஒரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நல்லா படிக்க வச்சா எல்லாம் தானா சரியாயிடும், சரிதானே?

பாதி சரி. படிப்பு இல்லாமல் நகர்வதே கஷ்டம், ஆனால் படிப்புக்கு முன்னாலும் பின்னாலும் தடை இருக்கிறது. முன்னால் இருக்கும் தடைக்கு உதாரணம் செக் குடியரசின் ஓஸ்ட்ராவா நகரம். அங்கே ரோமா (ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வரும் ஒரு சிறுபான்மை) இனக் குழந்தைகளைப் பெருமளவில், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனிப் பள்ளிகளில் போட்டார்கள். வழக்கில் வைக்கப்பட்ட கணக்குப்படி, ஒரு ரோமா குழந்தை அப்படிப்பட்ட பள்ளிக்குப் போகும் வாய்ப்பு மற்ற குழந்தையைப் போல 27 மடங்கு. 2007ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. இந்தக் குழந்தைகளும் 'பள்ளியில் சேர்ந்தவர்கள்' என்ற கணக்கில்தான் இருந்தார்கள்.

பின்னால் இருக்கும் தடைக்கு, மேலே சொன்ன 5,000 விண்ணப்ப ஆய்வுக்கே திரும்பலாம். அனுபவமும் தகுதியும் கூடிய விண்ணப்பம் அனுப்பியபோது வெள்ளையர் பெயர்களுக்கு அழைப்பு நன்றாகவே கூடியது. கறுப்பினப் பெயர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. அதாவது தகுதியை வளர்த்துக்கொள்வதன் பலனே ஆளுக்கு ஆள் வேறு. இதோடு அறிமுகம் என்ற ஒன்றும் இருக்கிறது. 1973ல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் காட்டியது போல, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வழி சொன்னது நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்த்துக்கொள்ளும் அரைகுறைப் பழக்கம். ஒதுக்கப்பட்டவர்களுக்கு உயிருக்கு உயிரான உறவுகள் இருக்கும். வேறு வட்டத்து ஆட்களோடு இந்த அரைகுறைப் பழக்கம்தான் இருக்காது, காலி இடம் இருப்பதே அவர்கள் காதுக்கு வராது.

பேசாம எல்லாருக்கும் கையில பணத்தைக் கொடுத்துட்டா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பணம் வேலை செய்யாது என்று சொல்பவர்களோடு நான் இல்லை. சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம் எல்லாம் பணத்தால் தீரும். பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஓரம் வைப்பது பணத்தால் தீராது. எது எதால் தீரும் என்று பிரித்துப் பார்க்கத்தான் முதல் கேள்வியில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் தனி வரிசை, தனி நிறத்தில் டோக்கன், 'நான் ஏழை' என்று நிரூபிக்க ஐந்தாறு தாள்கள் என்று வைத்தால், தகுதியுள்ளவர்களில் ஒரு பகுதியினர் வாங்கவே வரமாட்டார்கள், ஸ்மித் சொன்ன அதே வெட்கம். எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் செலவு கூடும், வெட்கம் போகும். நான் பொதுத் திட்டங்கள் பக்கம்தான் சாய்வேன். ஆனால் பொதுத் திட்டமும் மேலே சொன்ன சான்று, முகவரி, இணையம் என்ற தடைகளை வைத்துக்கொண்டிருந்தால் 'எல்லோருக்கும்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் இல்லை.

உள்ள சேர்த்துக்கிட்டா பிரச்சினை முடிஞ்சுதா?

என்ன நிபந்தனையில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொத்தடிமையாக வேலை செய்பவர் பொருளாதாரத்துக்கு வெளியே இல்லை, நன்றாக உள்ளேதான் இருக்கிறார், கடனால் கட்டப்பட்டு. வங்கி சேர்க்காதவரைக் கந்துவட்டிக்காரர் உடனே சேர்த்துக்கொள்வார். இதைச் சென் 'பாதகமான சேர்க்கை' என்று தனியாகப் பிரிக்கிறார், இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். வெளியே நிறுத்துவதற்கு மருந்து உள்ளே விடுவது. மோசமான நிபந்தனையோடு உள்ளே வைத்திருப்பதற்கு மருந்து நிபந்தனையை மாற்றுவது, சில சமயம் வெளியே போகும் சுதந்திரம்.

இதையெல்லாம் எப்படி அளக்கறது? எண்ணே இல்லாம பேசிட்டே இருந்தா எப்படி?

எண்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வறுமை அல்லது ஒதுக்கல் ஆபத்தில் இருப்பவர் யார் என்பதற்கு மூன்று வழிகளில் பார்க்கிறார்கள்: வருமானம் நாட்டின் இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது, வீட்டில் வேலை செய்யக்கூடியவர்களுக்கு வேலை மிகக் குறைவாக இருப்பது, 13 அடிப்படை விஷயங்களில் குறைந்தது 7 கட்டுப்படியாகாமல் போவது. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் கணக்கில் வருவார். அந்த 13ல் பிய்ந்த துணிக்குப் பதில் புதுத்துணி வாங்குவது இருக்கிறது, மாதம் ஒரு தடவையாவது நண்பர்களோடோ உறவினர்களோடோ சேர்ந்து சாப்பிடுவதும் இருக்கிறது. அந்த இரண்டாவதைச் சேர்த்தவருக்கு ஒரு கும்பிடு. இதைத் தவிர 2010 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றையும் 10 அளவுகோல்களில் பார்க்கிறது.

ஆனால் இந்தக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் வீடு வீடாகப் போய் எடுப்பவை. வீடே இல்லாதவர், சிறையில், விடுதியில், முகாமில் இருப்பவர் பல சமயம் அதில் வருவதே இல்லை. மிக அதிகமாக ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கலைப் பற்றிய புள்ளிவிவரத்திலிருந்தும் ஒதுக்கப்படுகிறார்கள். எண்ணைப் பயன்படுத்துங்கள், அதில் யார் விட்டுப்போயிருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

உண்மையச் சொல்லுங்க, 'ஒதுக்கல்' 'சேர்த்தல்'னு பேசறது சம்பளம், நிலம் பத்திப் பேசாம தப்பிக்கத்தானே?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கூலியை உயர்த்துவதற்குப் பதில் 'விழிப்புணர்வு முகாம்' நடத்துவது சுலபம், செலவும் குறைவு. எந்தக் குறையையும் ஒதுக்கல் என்று அழைத்தால் வார்த்தை பெரிதாகி வேலை சின்னதாகிவிடும். சென்னுக்கே இந்தக் கவலை இருந்தது, கண்ட இடத்தில் எல்லாம் இதை ஒட்டாதீர்கள் என்கிறார். நான் வைத்துக்கொள்ளும் சோதனை இதுதான்: யார் ஒதுக்கப்படுகிறார், எதிலிருந்து, எந்த விதியால் அல்லது யாரால் என்று மூன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வார்த்தையை விட்டுவிட்டுக் கூலியைப் பற்றியே பேசலாம்.

ஏழைங்களே ஏழைங்கள ஒதுக்குறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ஆமாம், ஒதுக்குகிறார்கள். குழுவாகச் சேர்ந்து சிறுகடன் வாங்கும் திட்டங்களில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் குழுவில் இருப்பவர்கள் தங்களைவிட ஏழையைச் சேர்க்கத் தயங்குவார்கள். கெட்ட மனசு என்று சொல்ல முடியாது, அவர்கள் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்த ஏழையும் 'என்னால் கட்ட முடியாது' என்று தானே விலகுவார். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம், சிறுகடன் மிக அடிமட்டத்தில் இருப்பவர்களைத் தொடவில்லை என்று பார்த்து, 2002ல் வேறு ஒரு திட்டம் தொடங்கியது: கடனாக இல்லாமல் ஆடு, மாடு போன்ற ஒரு பிழைப்புச் சொத்து, கொஞ்ச காலத்துக்குச் செலவுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, அதோடு ஓர் ஊழியர் அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்ப்பது. இந்த மாதிரியை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் சோதித்து 2015ல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால், திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் முன்னேற்றம் நீடித்தது. வீட்டுக்கு வரும் அந்த ஊழியர் எவ்வளவு காரணம், மாடு எவ்வளவு காரணம் என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஊழியருக்கு ஆகும் செலவுதான் இதில் பெரிய செலவுகளில் ஒன்று, அதனால் அரசுகள் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.